இருபதுக்குப் பதில் பத்தொன்பதரை

நைனா,

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, உனக்கே தெரியும். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நசரத்பேட்டை கல்யாணத்துக்குப் போய் வந்த வாரத்திலிருந்து நம் வீட்டு எடை மெஷின் உன்னை இரண்டு கிலோ கூட்டிக் காட்டுகிறது. அது தானாகக் கெட்டுப்போகவில்லை, நான்தான் கெடுத்தேன். பெற்ற மகன் உன்னைப் பார்த்து எனக்குப் பொறாமை. வேறு காரணம் தேடாதே, இல்லை. "என் உடம்புக்கு இந்த எடை கொறைக்கிறதெல்லாம் செட் ஆவாதும்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ புனேவுக்கு ரயில் ஏறப் போகிறாய். முதல் வேலை, புது ஊர், தனி அறை. அங்கே போய் அந்த நினைப்போடு நீ உட்கார்ந்துவிடக் கூடாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இதை ஏன் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன் என்றால், எங்கள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் தொழிலாளர் சங்கத்தில் சிறப்பு மலர் போடுகிறார்கள். உடற்பயிற்சிக்கு எப்படி இலக்கு வைப்பது, அதை வருஷக்கணக்கில் எப்படி விடாமல் செய்வது என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். "முதல் மாசத்துலயே அஞ்சு கிலோ எறக்குனவன் நீதானப்பா" என்று என்னிடம் கேட்டார்கள். அந்த அஞ்சு கிலோவைப் பற்றி அப்போது ஊர் பூராவும் சொல்லித் திரிந்தது யார், நான்தானே. எழுத உட்கார்ந்தால் இதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. உனக்கு மட்டும் எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்றால் அளந்து எழுதுவேன். நீ படித்துவிட்டுச் சரி என்று சொன்னால்தான் அச்சுக்குப் போகும்.

என் வேலை கேலிபரேஷன். அடுத்தவர்களின் தராசும் பிரஷர் கேஜும் சரியாக அளக்கிறதா என்று சோதித்து, தப்பு இருந்தால் திருத்தி, சரி என்று கையெழுத்துப் போடுகிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே பெஞ்ச். நீ பிறக்கும்போது எனக்கு இருபத்தொன்று. இப்போது நாற்பத்து மூன்று. கிழவன் கணக்கில் என்னைச் சேர்க்க நான் இன்னும் தயாராக இல்லை. உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட வந்தால் "அண்ணனா?" என்று கேட்ட டீச்சர்கள் உண்டு. துணிக்கடையில், ரயிலில், எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் "இல்லீங்க, அப்பா" என்று சொல்லும்போது எனக்குள் ஒரு கொழுப்பு ஏறும். அது எவ்வளவு பெரிய கொழுப்பு என்று, அது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

இரண்டு வருஷம் முன்னால் கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் எனக்கு பிரஷரும் பார்டர் லைனில் சர்க்கரையும் வந்தது நினைவிருக்கும். எனக்குத் தொண்ணூற்றிரண்டு கிலோ, உனக்குத் தொண்ணூற்றாறு. அன்றைக்கே அந்த டிஜிட்டல் மெஷினை வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, வெறும் வயிற்றில், நீயும் நானும் வரிசையாக ஏற, அம்மா சமையல்கட்டுக் காலண்டரில் இரண்டு எண்ணையும் எழுதுவாள் என்று வழக்கம் வைத்தோம். நான் கிராஃப் தாளில் பேனாவால் கோடு போட்டேன். மாசம் நாலு கிலோ, அஞ்சு மாசம், இருபது கிலோ. ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடு. நீ பக்கத்தில் உட்கார்ந்து, பென்சிலால் உனக்கு மாசம் ஒரு கிலோ, ஒன்றரை என்று எழுதினாய்.

"இன்னாடா இது, ரேஷன் அளக்குற மாரி?" என்றேன்.

"எனக்கு செமஸ்டர் வருதுப்பா. அப்ப ஓட முடியாது. ஓட முடியலன்னா நடப்பேன். நடக்க முடியலன்னா மாடிப்படி பத்து தடவ ஏறி எறங்குவேன். அதுக்கும் டிக்கு."

"படி ஏறுனதுக்கெல்லாம் டிக்கு போட்டா, குளிச்சதுக்கும் போட்டுக்க."

நீ சிரித்தாய். கோபப்படவில்லை. அந்தக் குணம் உன் அம்மாவிடமிருந்து வந்தது, என்னிடம் தேடினாலும் கிடைக்காது.

முதல் மாசம் எனக்கு அஞ்சு கிலோ இறங்கியது. காலை அஞ்சு மணிக்கு வேப்பம்பட்டு ஸ்டேஷன் ரோட்டில் ஷூ போட்டு ஓடினேன், ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடுவேன். பட்டரவாக்கம் போகிற ரயிலில் என் பெல்ட்டில் புதிதாகப் போட்ட ஓட்டையைத் தொட்டுப் பார்க்காத ஆள் கிடையாது. இரண்டாவது மாசம் இரண்டு கிலோதான். கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கீழே இழுக்க ஓட்டத்தை இரண்டு மடங்கு ஆக்கினேன். மூன்றாவது மாசம் குதிகால் போயிற்று. படுக்கையை விட்டுக் காலை ஊன்றினால் ஆணி மேல் வைத்த மாதிரி. ரயிலில் அதே ஆட்கள், "இன்னா மாமே, குதிர நொண்டி அடிக்குது?" என்றார்கள். கோடு போட்ட தாளை மடித்து பீரோ மேல் போட்டேன். குதிகால் தேறியதும் புதுத் தாள், புதுக் கோடு, இன்னும் செங்குத்தாக. அப்படி நாலு தாள். நாலாவது தாள் முடியும்போது எனக்குத் தொண்ணூற்றொன்று.

எங்கள் பெஞ்சுக்கு வருகிற எந்தக் கருவிக்கும் அனுமதிக்கப்பட்ட பிழை என்று ஒன்று உண்டு. நூறு கிலோ தராசு ஐம்பது கிராம் தள்ளிக் காட்டினால் அதைக் குப்பையில் போடமாட்டோம். எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பாஸ் எழுதி அனுப்புவோம். எல்லை கொடுக்காமல் வெறும் எண்ணை எழுதி எவனாவது கொண்டுவந்தால் நான் அவனைத் திட்டி அனுப்புகிறவன். இரும்புக்கு இருபத்திரண்டு வருஷமாகக் கொடுக்கிற அந்த இடத்தை என் காலுக்கும் வயிற்றுக்கும் கொடுக்கத் தோன்றவில்லை. இன்ஜினியரிங் படித்த நீ அதைப் பென்சிலில் கொடுத்துவிட்டாய், நான் உன்னை ரேஷன் கடை என்றேன்.

நீ என்ன செய்தாய் என்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். செமஸ்டர் மாசத்தில் உனக்கு அரை கிலோ கூடியது. பென்சில் எண்ணை அழித்துவிட்டு அடுத்த மாசத்துக்குத் தள்ளி எழுதினாய், அவ்வளவுதான். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தாய். எழுந்த அன்று ஸ்டேஷன் வரை நடந்துவிட்டுத் திரும்பினாய். பிரியாணி சாப்பிட்ட மறுநாள் பட்டினி கிடக்கவில்லை. மழை விடாத மாசத்தில் மாடிப்படி. உனக்கு எதுவும் பெரிதாக நடந்த மாதிரியே தெரியவில்லை. ஆனால் உன் பேன்ட் எல்லாம் தையல்காரரிடம் போய் வந்தது. நீ நின்றபடியே குனிந்து ஷூ லேஸ் கட்டுவாய், மூச்சு வாங்காமல். நான் நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றை ஒதுக்கிவிட்டுக் கட்டிக்கொண்டிருப்பேன். ஒரு அப்பனுக்கு இதில் சந்தோஷம்தான் வர வேண்டும். எனக்கு வந்தது எரிச்சல். உன் எண்ணை அம்மா எழுதும்போது காலண்டரைப் பார்க்காமல் காபி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அப்புறம்தான் அந்தக் கல்யாணம். ஆவணி மாசம், பெங்களூர் ரோட்டுமேல் மண்டபம், உன் மாமா பெண்ணுடையது. உனக்கு அப்போது எழுபத்தெட்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. நீ வேட்டி கட்டிக்கொண்டு பந்தி பரிமாறப் போனாய். சாம்பார் வாளியோடு நீ வரிசையில் போக, உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் "இது யார் வூட்டுப் பையன்?" என்று விசாரித்தார்கள். உன் மாமா என் தோளில் கையைப் போட்டார்.

"மாமே, பையன் இன்னா ஹீரோ கணக்கா கீறான்! நீ இன்னா இப்டி உப்பிகினு கீற? முன்னெல்லாம் அண்ணன் தம்பி மாரி இருப்பீங்க. இப்ப உன்ன பாத்தா பொண்ணோட தாத்தான்னு நெனச்சுக்குவாங்க."

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் அம்மா போனை எடுத்து மணி பார்த்தேன். முகப்பில் மண்டபத்தில் எடுத்த படம், நாம் மூன்று பேரும் நின்றது. அதில் நீயும் அவளும் மட்டும் இருந்தீர்கள். ஓரத்தில் என் சட்டைக்கை ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. படம் சதுரமாகத்தான் பிடிக்கும் என்று அவள் சொன்னாள். இருக்கலாம்.

திங்கட்கிழமை பேட்டரி மாற்ற வேண்டும் என்று சொல்லி மெஷினைப் பையில் போட்டு லேபுக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கேண்டீனுக்குப் போனார்கள். அந்த மெஷினின் அடிமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு பட்டன் உண்டு. அழுத்திப் பிடித்தால் இருபது கிலோ வை என்று கேட்கும். வைத்தால், 'இதுதான் இருபது' என்று மனப்பாடம் செய்துகொள்ளும். பிறகு எல்லாவற்றையும் அதைக் கொண்டுதான் கணக்குப் பார்க்கும். நான் இருபதுக்குப் பதில் பத்தொன்பதரை வைத்தேன். அதை இருபது என்று நம்பிவிட்டது. காலியாக இருந்தால் பூஜ்யம் காட்டும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. எடை ஏற ஏறத்தான் பொய்யும் ஏறும். எனக்கே இரண்டு கிலோவுக்கு மேல் கூடும் என்று தெரிந்துதான் செய்தேன். நான் எக்கேடு கெட்டாலும் நீ கொஞ்சம் நின்றால் போதும் என்று இருந்தது. இதற்குப் பெயர் ஆத்திரம் இல்லை. ஆத்திரத்தில் செய்தவன் எடைக்கற்களைத் துணியால் துடைத்துவிட்டுத் திரும்பப் பெட்டியில் அடுக்கமாட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ ஏறினாய். எண்பது புள்ளி இரண்டு. "கல்யாண சாப்பாடுடா, எனக்கும் ஏறிப்போச்சு பாரு" என்று நான்தான் முதலில் சொன்னேன். "ஒரு வாரந்தானப்பா, எறங்கிடும்" என்று நீ சொன்னாய். எனக்கு அன்றைக்கு ஏமாற்றம். நீ சோர்ந்து போவாய் என்று எதிர்பார்த்தேன். நீ பாட்டுக்கு ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பினாய். நாலு வாரம் கழித்தும் எழுபத்தொன்பது புள்ளி ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால் இருந்ததைவிட அதிகம். அம்மா ஒரு நாள் கேட்டாள்: "பேன்ட்டு கழண்டு வுழுது, மெஷின் மட்டும் ஜாஸ்தியாவே காட்டிகினு கீதே, இன்னாயா இது?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மெஷின் பொய் சொல்லாதுடி" என்றேன்.

அதற்குப் பிறகுதான் நீ பென்சிலைக் கீழே வைத்தாய். பீரோ மேலிருந்த என் தாளில் ஒன்றை எடுத்து, பின்பக்கம் பேனாவால் ஒரு நேர்கோடு போட்டாய். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாய். காலையில் கறுப்புக் காபியோடு ஓடினாய், மத்தியானம் வெள்ளரிக்காய். வேலைக்குச் சேரும்போது எழுபத்தாறு, ஒன்றிரண்டு கூடக்குறைய ஆனாலும் சரி என்று இருந்தவன், எழுபத்தாறு வந்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டாய். முகம் ஒடுங்கிப் போனது. எதற்கெடுத்தாலும் அம்மாவிடம் எரிந்து விழுந்தாய். அதைப் பார்த்து எனக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். 'வாடா, இப்ப நம்ம ரெண்டு பேரும் ஒண்ணு' என்று தோன்றியது.

நாலே வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மெஷின் சரியாக எழுபத்தாறு காட்டியது. மறுநாள் காலை, சாமான் வாங்க ஆவடிக்குப் போவதற்கு வேப்பம்பட்டு பிளாட்பாரத்தில் நின்றவன் ரயில் உள்ளே வரும்போது சரிந்தாய். பூ விற்கிற அம்மா ஒருவர் உன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறார். சேதி கேட்டு நான் ஓடி வந்தபோது உன்னை பெஞ்சில் உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "இன்னாயா புள்ளய வளக்குற? சோறு போடமாட்டியா?" என்று என்னைத்தான் கேட்டார். தண்டவாளத்துக்கும் உன் காலுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்தது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அளப்பதுதான் என் தொழில். ஆனால் கேட்கவில்லை.

கிளினிக்கில் டாக்டர் உன்னை மெஷினில் ஏற்றினார். எழுபத்து நாலு புள்ளி ஒன்று. நீ அந்த நிலைமையிலும் தலையை ஆட்டினாய்.

"இல்ல டாக்டர், எழுபத்தாறு. நேத்துதான் பாத்தேன்."

"வீட்டு மெஷின் தப்பா இருக்கும்பா."

"எங்கப்பா கேலிபரேஷன்ல இருக்காரு டாக்டர். எங்க வீட்டு மெஷின் தப்பு பண்ணாது. உங்களுதத்தான் ஒரு தடவ அவர்ட்ட காட்டிடுங்க."

டாக்டர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் என் வேலைக்கு இப்படி ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தது இல்லை நைனா.

மெஷினைச் சத்தம் போடாமல் சரி செய்து வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்துப் பையிலும் போட்டேன். அப்புறம் யோசித்தேன். சரி செய்தால் அடுத்த வாரம் உனக்கு இரண்டு கிலோ குறைந்து காட்டும். நீ என்ன முடிவுக்கு வருவாய்? பட்டினிதான் வேலை செய்தது என்று முடிவு கட்டுவாய். மறுபடி அதையே செய்வாய், புனேவில் உன் காலரைப் பிடித்து இழுக்க யாரும் இருக்கமாட்டார்கள். அதனால் சொல்லாமல் திருத்த முடியாது என்று ஆகிவிட்டது. நல்லவனாகி நான் இதைச் சொல்லவில்லை, வேறு வழி இல்லாமல் சொல்கிறேன்.

இனி உன் உண்மையான எண்கள். காலண்டரில் இருப்பதையெல்லாம் திருத்திக் கணக்குப் போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு வந்த அஞ்சு ஞாயிறும் வரிசையாக: எழுபத்தெட்டு புள்ளி இரண்டு, எழுபத்தேழு புள்ளி ஒன்பது, மறுபடியும் அதுவே, எழுபத்தேழு புள்ளி நாலு, எழுபத்தேழு புள்ளி ஒன்று. பார்த்தாயா? நீ இறங்கிக்கொண்டேதான் இருந்தாய். கல்யாணச் சாப்பாடு உன்னை ஒன்றும் செய்யவில்லை. மாடிப்படி, பென்சில், டிக்கு என்று உன் வழியிலேயே விட்டிருந்தால், இன்றைக்கு ராத்திரிச் சோற்றையும் சாப்பிட்டுக்கொண்டே எழுபத்தாறில் நின்றிருப்பாய். உன் முறையில் தப்பே கிடையாது. இரண்டு வருஷத்தில் அது ஒரே ஒரு தடவை தோற்றது, அதுவும் நான் தோற்கடித்தது.

அதனால் புனேவில் உன் முறையையே வைத்துக்கொள். முதல் மூன்று மாசம் குறைக்கவே நினைக்காதே. புது மெஸ், புது ஷிஃப்ட், புதுத் தண்ணீர். எழுபத்து நாலுக்கும் எழுபத்தெட்டுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் பாஸ் எழுதிக்கொள். ஓட இடம் கிடைக்கும் வரை நட. வாரத்தில் நாலு நாள் என்று வை, மூன்று நாள்தான் நடந்தது என்றால் அடுத்த வாரம் நாலுதான், அஞ்சு இல்லை. விட்டுப்போனதைச் சேர்த்துப் பிடிக்கிறேன் என்று கிளம்பித்தான் என் குதிகால் போயிற்று. தேதி தவறினால் தேதியை நகர்த்து, சாப்பாட்டில் கை வைக்காதே. எடை நகராத மாசத்தில் எத்தனை படி மூச்சு வாங்காமல் ஏறுகிறாய் என்று பார். ஒரு மெஷினை மட்டும் நம்பாதே. அது என்னுடைய மெஷினாக இருந்தாலும். முக்கியமாக, என்னுடையதாக இருந்தால்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. நேற்று நீ பரண் மேலிருந்து பெட்டியை ஒரு கையால் இறக்கினாய். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் இந்த வாரம் நானும் மாடிப்படி ஏற ஆரம்பித்திருக்கிறேன், பத்துத் தடவை இல்லை, ஆறு. கோடு எதுவும் போடவில்லை.

இதை அம்மாவிடம் கொடுத்து, நீ ரயில் ஏறின பிறகு உனக்கு போனில் அனுப்பச் சொன்னேன். முழுக்கப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். அப்புறம், "நா இன்னா உன் தபால்காரியா? நீ பண்ணத நீ குடு. அவன் மூஞ்ச பாத்து குடு" என்று என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாளாக என்னோடு அவளுக்குப் பேச்சு இல்லை. உனக்குக் காரணம் புரியாமல் இருந்திருக்கும்.

அதனால் நாளைக் காலை நானே தருவேன். முதலில் இட்லியைச் சாப்பிடு, வயிறு நிறைய. கையைக் கழுவிவிட்டு வந்து படி. படித்து முடித்தபின் நீ கத்தலாம், ஒரு வார்த்தை பேசாமலும் இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரலுக்கு நீ வராதே என்றும் சொல்லலாம். நீ கடைசி வரிக்கு வரும் வரை நான் எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பேன். எழுந்து போகமாட்டேன்.

அப்பா